மிச்சம் வைத்த குளிசைகள்

அக்காவுக்கு முதுகில் நோ தொடங்கியபோது அத்தான் கடற்கரைக்குப் போய் அடம்பன் இலை பிடுங்கிக்கொண்டு வந்தார். மணலில் படர்ந்து கிடக்கும் கொடி அது. ஊதாப் பூ பூக்கும். இலை நுனியில் பிளந்து ஆட்டின் குளம்பைப் போல இருக்கும். கடலில் சொறிமுட்டை பட்டு உடம்பு தடித்தாலும், திருக்கை முள் ஏறிக் கால் வீங்கினாலும், எங்கள் குருநகர்க் கரையில் முதலில் தேடுவது அதைத்தான். அத்தான் இலையைத் தணலில் வாட்டி, வேப்பெண்ணெய் தடவி, அக்காவின் இடுப்புக்கு மேலே வைத்துப் பழைய சாரத் துணியால் கட்டினார். கட்டி முடிந்ததும் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். எந்த முடிச்சையும் அப்படி இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார்.

அதற்கு முன்பே அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் கண்டு சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். அது முள்ளந்தண்டுக்குப் போய்விட்டது என்று படம் எடுத்த பிறகு சொன்னார்கள். நோயை மாற்ற இனி வைத்தியம் இல்லை, நோவைக் குறைக்கலாம் என்றார்கள். இதை அக்காவிடமும் மறைக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப நான் வீட்டை போகலாமோ?"

போகலாம் என்றார்கள். மிச்சமுள்ள நாட்களை நோவோடு கழிப்பதா, நோவில்லாமல் கழிப்பதா என்பது மட்டும்தான் அதன் பிறகு எங்கள் முன்னால் இருந்தது.

நான் கலியாணம் செய்து சண்டிலிப்பாய்ப் பக்கம் போனவன். பத்திரிகையில் மற்றவர்கள் எழுதும் செய்திகளைத் திருத்துவது என் தொழிலாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு நேரம் இருந்ததால் அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு வந்தது. அத்தானும் கூட வருவார்.

நோவுக்கான கிளினிக்கில் இருந்த டொக்டர் இளம் பெண். வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை என்று அக்கா முதல் நாளே விசாரித்து அறிந்துவிட்டார். டொக்டர் மேசையில் குளிசைப் பொட்டலம் ஒன்றை வைத்து, மோர்பின் என்றார்.

"உது என்னத்திலை செய்யிறது, பிள்ளை?" என்று அத்தான் கேட்டார்.

"கசகசாச் செடி இருக்கெல்லே ஐயா. அதின்ரை பச்சைக் காயைக் கீறினால் பால் வரும். அந்தப் பாலிலை இருந்து பிரிச்செடுக்கிறது."

"அப்ப அபின் எண்டு சொல்லுங்கோ."

"அபினிலை இருந்து வாறதுதான்."

அத்தான் திரும்பிக் கதவைப் பார்த்தார். "கரையிலை ஒரு கஞ்சாப் பொதி ஒதுங்கினாலே பொலிஸ் முதலிலை எங்கடை ஒழுங்கைக்குத்தான் வருவான். நீங்கள் அபினை வீட்டுக்குள்ளை வைக்கச் சொல்லுறியள்."

"மருந்துத் துண்டு எழுதித் தாறன் ஐயா. துண்டோடை வையுங்கோ."

"சாமானை மேசையிலை பரப்பிப் படம் பிடிச்சுப்போட்டுத்தான் அவங்கள் துண்டை வாசிப்பாங்கள்."

அக்கா அவர் கையில் தட்டினார். "அந்தப் பிள்ளை மருந்து சொல்லுது. நீங்கள் உங்கடை பொலிசை விடுங்கோ."

டொக்டர் சிரித்துவிட்டு, பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார். நோ வந்த பிறகு போடும் குளிசை அல்ல இது. வர விடாமல் போடவேண்டியது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும். போதாவிட்டால் கூட்டித் தரலாம். மயக்கமாக இருந்தால் உடனே சொல்ல வேண்டும்.

"அடம்பன் இலை கட்டுறம். விடவேணுமோ?" என்றார் அத்தான்.

"கட்டுங்கோ. வீக்கத்தைத் தணிக்கிற சாமான் அதிலை கிடக்குத்தான். தோலுக்கும் தசைக்கும் நல்லது. ஆனால் இவவுக்கு நோ எலும்புக்குள்ளை. இலை அவ்வளவு தூரம் போகாது, இது போகும்."

அது போகவில்லை. அடுத்தமுறை போனபோதும் அக்கா கதிரையின் விளிம்பில் கையை ஊன்றித்தான் இருந்தார். டொக்டர் அளவைக் கூட்டினார். அதற்கடுத்த முறை இன்னும் கூட்டினார். அக்கா நோ என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. கதைத்துக்கொண்டிருப்பார், பேச்சு நடுவில் நிற்கும், உதடு வெளுக்கும். சற்றுப் பொறுத்து, விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். அந்த இடைவெளி கிழமைக்குக் கிழமை நீண்டுகொண்டு போனது.

வேதக்கோயில் பெண்கள் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அக்கா நோவை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறா, அதுதான் மருந்து பிடிக்கவில்லை என்றார்கள். ஒருநாள் நான் அதை அவரிடமே கேட்டேன்.

"போடா," என்றார் அக்கா. "அவருக்கு என்ரை நோ என்னத்துக்கு? அவருக்குச் சிலுவையிலை பட்ட தன்ரை காணாதே?"

பிறகு காய்ச்சல் வந்தது. சலம் கழிக்கும் வழியில் கிருமி என்று வார்ட்டில் மறித்துப் படுக்கவைத்தார்கள். இரண்டாம் நாள் முற்பகல் நான் போனபோது அக்காவின் மகன் வார்ட் வாசலில் நின்றான். மோட்டார்சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். இடது கையில் முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிக் கிடக்கும், சிறுவயதில் விளக்கு சரிந்து எரிந்த காயம். அந்தக் கையில் போனைப் பிடித்திருந்தான்.

"மாமா, அம்மாவை மருந்தைக் குடுத்து விழுத்திப்போட்டினம். நீங்கள் பேப்பரிலை போடுவியுங்கோ. நான் இப்பவே பேஸ்புக்கிலை போடுறன். என்னெண்டு எழுதிறது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

உள்ளே பார்த்தேன். அக்கா வாய் சற்றுத் திறந்தபடி கிடந்தார். மூச்சு வந்தது. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. அத்தான் கால்மாட்டில் நின்றார்.

"என்ன குடுத்தவை எண்டு கேட்டனியோ?" என்று மகனிடம் கேட்டேன்.

"கேக்க என்ன கிடக்கு? ஆளைப் பாருங்கோ."

தாதி டொக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு அட்டையோடு வந்தார். வயதானவர். குரலை உயர்த்தவில்லை. "அட்டையிலை உள்ளதைத்தான் குடுத்தனாங்கள், தம்பி. வீட்டிலை போடுற அதே அளவு."

"அதே அளவெண்டால் வீட்டிலை ஏன் இப்பிடி வரேல்லை?"

சரியான கேள்வி அது. பத்திரிகையில் என்றால் அந்தக் கேள்வியோடு செய்தியை நிறுத்தியிருப்பார்கள், வாசகர் தானே முடிவுக்கு வரட்டும் என்று. அவனும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பதில் தனக்குத் தெரியும் என்று நின்றான்.

கிளினிக் டொக்டர் ஓடி வந்தார். அக்காவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது. அத்தானிடம் திரும்பினார்.

"ஐயா, வீட்டிலை ஒவ்வொரு முறையும் முழுசாப் போட்டவவோ?"

"போட்டவ."

"முழுசா?"

அத்தான் தன் செருப்பைப் பார்த்தார். "சில நேரம் போட்டவ," என்றார்.

டொக்டர் உடனே தாதியிடம் திரும்பினார். மோர்பினை முறிக்க ஓர் ஊசி சொன்னார். அத்தான் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய் ஓட்டோ ஏறியதை ஜன்னலால் கண்டேன்.

ஊசி ஏறிச் சற்று நேரத்தில் அக்கா ஆழமாக ஒரு மூச்செடுத்தார். கண்ணைத் திறந்தார். அடுத்த கணமே முகம் முழுவதும் சுருங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஆர் என்னை எழுப்பினது?"

தாதி அவருடைய தலையணையைச் சரிசெய்தார்.

"எத்தினை மாசத்துக்குப் பிறகு நோகாமல் கிடந்தனான். ஆரடா எழுப்பினது?"

மகன் அவரை எழுப்பத்தான் அவ்வளவு நேரமும் சத்தம் போட்டவன். அவன் பின்னால் ஒரு அடி வைத்தான்.

அத்தான் ஒரு பால்மா ரின்னோடு திரும்பி வந்தார். மூடியைத் திறந்து டொக்டருக்கு முன்னால் நீட்டினார். ஈரம் ஏறாமல் இருக்க அடியில் அரிசி போட்டிருந்தது. அதற்கு மேல் பொலித்தீன் துண்டுகளில் சுற்றிய குளிசைகள். முழுக் குளிசைகளும் பாதிகளும். ரின் கிட்டத்தட்ட அரைவாசிக்கு இருந்தது.

"உது என்ன, அப்பா?" என்றான் மகன்.

"கொம்மா மிச்சம் பிடிச்சது. நானும் தெரிஞ்சுதான் இருந்தனான்."

டொக்டர் அக்காவின் கட்டிலில், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "ஏன் அம்மா?"

அக்கா மூச்சைப் பிடித்து, விட்டு, சொன்னார். "சண்டை நேரம் மாதிரி மருந்து வாற பாதையைப் பூட்டினால் என்ன செய்வியள்?"

"பாதை இப்ப திறந்துதானே கிடக்கு."

"அப்பவும் திறந்துதான் கிடந்தது, பூட்டும் மட்டும்." பிறகு, "பாதையை விடுங்கோ. நாட்டிலை காசு முடிஞ்சு சாமானுக்கெல்லாம் லைனிலை நிண்ட அந்த வரியம் பாமசியிலை நோக்குளிசை இருந்ததோ? அப்ப சண்டையுமில்லை, பூட்டுமில்லை. அப்பவும் இல்லைத்தானே."

டொக்டர் இல்லை என்று தலையாட்டினார். அந்த வருடம் அவரும் வார்ட்டில் மருந்துகள் இல்லாமல் வேலை செய்திருப்பார்.

அக்கா மகனின் கையைக் காட்டினார். "உவனுக்குக் கை எரிஞ்சது பாதை பூட்டியிருக்கேக்கை. பாமசிக்காரர் தெரிஞ்ச மனிசன். தன்ரை வீட்டுக்கு வைச்சிருந்ததிலை கொஞ்சம் தந்தவர். பிள்ளை கத்துது எண்டு அண்டைக்கே எல்லாத்தையும் குடுத்திட்டன். அண்டைக்குப் படுத்திட்டுது. அடுத்த நாள்தான் தோல் கழண்டது. அடுத்த நாள்தான் கூட நொந்தது. என்ரை கையிலை ஒண்டும் இல்லை." பேச்சு நின்றது. காத்திருந்தோம். "அதுக்குப் பிறகு நான் ஒண்டையும் முடிக்கிறேல்லை."

இது எனக்கும் புதிது. கை எரிந்தது தெரியும். அடுத்த நாள் என்று ஒன்று இருந்ததை அக்கா எவருக்கும் சொன்னதில்லை. மகன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். ரின்னைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தபடி நின்றான்.

"அப்ப உதிலை கிடக்கிறது முழுக்க அம்மா பட்ட நோ," என்றான்.

டொக்டர் நடந்ததை எங்களுக்கு விளங்கப்படுத்தினார். குளிசை முழுவதும் உள்ளே போகிறது, ஆனாலும் போதவில்லை என்று நினைத்து டொக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். கூட்டக் கூட்ட அக்கா கூடுதலாக மிச்சம் பிடித்திருக்கிறார். உடம்பு பழகியது சிறிய அளவுக்கு. வார்ட்டில் முழு அளவும் ஒழுங்காக உள்ளே போனபோது தாங்கவில்லை. காய்ச்சலும் சலக்கிருமியும் சேர்ந்துகொண்டன. இனிக் குறைந்த அளவிலிருந்து மறுபடியும் தொடங்கவேண்டும், இந்த முறை ஒன்றும் விடாமல்.

"உங்களிலை நம்பிக்கை இல்லாமலில்லை, பிள்ளை," என்றார் அக்கா. "இண்டைக்கு நீங்கள் நிக்கிறியள். நாளைக்கு லண்டனுக்குப் போயிடுவியள். எல்லா டொக்டர்மாரும் போகினம்."

போகமாட்டேன் என்று டொக்டர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். அக்காவும் கவனித்தார்.

அத்தான்தான் பேசினார். "பிள்ளை, நாங்கள் கடலுக்குப் போகேக்கை திரும்பி வாறதுக்கான எண்ணெயைத் தனிக் கானிலை வைப்பம். போற எண்ணெய் முடிஞ்சு, மீன் பட்டுக்கொண்டிருந்தாலும் அந்தக் கானைத் தொடமாட்டம். உவ பெரிய பாவமொண்டும் செய்யேல்லை. உவவும் ஒரு கான் வைச்சவ."

டொக்டர் அதை யோசித்தார். "சரி ஐயா. அந்தக் கானை நான் தாறன். ஒவ்வொரு முறையும் அடுத்த கிழமைக்குரியதையும் சேர்த்துத் தரப் பாக்கிறன். அது உங்கடை கையிலை இருக்கட்டும், தொடவேண்டாம். ஓடுறதுக்குத் தாறதை மட்டும் முழுக்க ஓட்டுங்கோ."

அக்கா இன்னும் ஓம் சொல்லவில்லை.

"அதுவும் முடிஞ்சு பாதையும் பூட்டினால் நான் கடலாலை போய்க் கொண்டு வாறன்," என்றார் அத்தான்.

"எந்தப் படகிலை? வித்துப்போட்டு நிக்கிறியள்."

"இரவல் வாங்குவன்."

"முழங்கால் மடங்காது. ஆர் உங்களைப் படகிலை ஏத்திறது?"

அத்தான் மகனைக் காட்டினார்.

"அப்பாவை ஏத்தமாட்டன்," என்றான் அவன். "நானே போறன்."

"நீயோ?" என்றார் அக்கா. "உனக்குப் பக்கத்து மண்டைதீவுக்குப் படகிலை போனாலே வயித்தைப் புரட்டிச் சத்தி."

"சத்தி எடுத்து எடுத்துக் கொண்டு வாறன்."

பக்கத்துக் கட்டில் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாதியும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மகனின் சுருங்கிய கையைப் பிடித்து, அதில் எதையோ தேடுவதுபோல் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கையை விட்டார்.

"சரி," என்றார். "உவன் தரட்டும். உவன்ரை கையாலை எண்டால் போடுறன்."

ரின்னைக் கிளினிக்கில் ஒப்படைத்தோம். அக்கா வீட்டுக்கு வந்தார். மகன் போனில் அலாரம் வைத்தான். கடையில் வேலை நடந்துகொண்டிருந்தாலும் கிறீஸ் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு ஒழுங்கை கடந்து ஓடி வருவான். அக்கா நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். முதலில் அதற்குச் சண்டை நடந்தது.

"நான் என்ன கள்ளனோ?"

"ஓம். நாக்கைத் தூக்குங்கோ."

அளவு மெதுவாக ஏறியது. நோ முழுவதும் போகவில்லை. எப்படி இருக்கிறது என்று டொக்டர் கேட்டபோது அக்கா சொன்னார்: "நாய் குரைக்கிற மாதிரி. குரைக்குதுதான், ஆனால் அடுத்த ஒழுங்கையிலை." வயிறு இறுகியது. பப்பாசிப்பழமும் டொக்டர் தந்த பாணி மருந்தும் அதற்கு வேண்டியிருந்தன. மத்தியானத்தில் தூங்கி விழுவார். ஆனால் பேச்சு நடுவில் நிற்பது நின்றுவிட்டது.

அதன் பிறகு அக்கா குறை சொல்லத் தொடங்கினார். ஜன்னல் சீலை கறுத்துப்போய்க் கிடக்கிறது. வாய்க்கால் மணக்கிறது, இந்த வீட்டில் ஒருவருக்கும் மூக்கில்லை. மருமகள் வைத்த சொதியில் உப்பில்லை. சைக்கிளில் வந்த மீன்காரரை வாசலுக்குக் கூப்பிட்டு, ஓரா மீனின் செவுள் பூவைத் தூக்கிப் பார்த்து, "உது நேற்றையான் மீன். எங்களுக்கே கொண்டு வாறாய்?" என்று திருப்பி அனுப்பினார்.

"பேச்சு தொடங்கிட்டுது," என்று அத்தான் படலையடியில் வைத்து எனக்குச் சொன்னார். அவர் முகத்தை அவ்வளவு தெளிவாகக் கண்டு நெடுநாளாகியிருந்தது.

அத்தான் அடம்பன் இலை கட்டுவதை நிறுத்தவில்லை. யாரும் அவரை நிறுத்தச் சொல்லவும் இல்லை. உதவுகிறதா என்று அக்காவிடம் தனியாகக் கேட்டேன்.

"சூடு சுகமாக் கிடக்கு," என்றார். "அவருக்கும் ஏதாவது செய்ய வேணுமே."

ஒருநாள் பின்னேரம் நான் அங்கே இருந்தபோது மகன் வரப் பிந்தியது. போனில் சார்ஜ் போய்விட்டதாம். அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

"மணியாச்சு. என்ரை குளிசை எங்கை? ஒருத்தரும் தரமாட்டியளே?"

அப்போதுதான் மகன் மூச்சு வாங்க உள்ளே வந்தான். அது அவன் காதில் விழுந்தது. குளிசையையும் தண்ணீரையும் கொடுத்தான். நாக்கைத் தூக்கச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்த பேணியைக் கழுவப்போனவன் குசினிக்குள் கனநேரம் நின்றான்.

மாரி தொடங்கமுன் அக்கா போனார். கடைசிச் சில நாட்கள் விழுங்க முடியவில்லை. மருந்தைப் பாணியாகக் கன்னத்துக்குள் சொட்டு சொட்டாக விட்டார்கள். அதையும் அவன்தான் விட்டான். ஒரு காலை, நித்திரையிலேயே மூச்சு நின்றது. நெற்றி சுருங்காமல் இருந்தது.

செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஒன்றைத் தவறாமல் கேட்பார்கள். கனக்கக் கஷ்டப்பட்டவவோ என்று. இல்லை, ஆண்டவர் நல்ல சாவு குடுத்தவர் என்பது வழக்கமான பதில். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்க் கதிரையில் உட்காருவார். அத்தான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் அப்படிச் சொல்லவில்லை.

"கன நாள் நொந்தது," என்றான். "பிறகு நோகேல்லை."

கேட்டவர்களுக்கு இரண்டாவது வசனம் போதுமாக இருந்திருக்கும். முதலாவதை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கோயில் பெண்களில் ஒருவர் அவனை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி உதைச் சொல்லுறாய்? கடைசியிலை நோகேல்லை எண்டதை மட்டும் சொன்னால் என்ன?"

"ரெண்டும் நடந்தது, மாமி," என்றான் அவன். பின்னால் துக்கம் விசாரிக்க அடுத்தவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.